குளியலறையில் ஒரு திட்டு, ஒரு மாடம்

போன இதழில் வழுக்கும் தரையைப் பற்றி நாலு வரி எழுதினாலும் எழுதினேன், வந்த கடிதங்களில் பாதி குளியலறையைப் பற்றித்தான். மதுரையில் 27 வருடமாக வீடு கட்டிக் கொடுக்கிறேன். பூஜையறைக்கு ஒரு வாரம் யோசிப்பவர்கள் குளியலறைக்கு ஐந்து நிமிடம்கூடக் கொடுப்பதில்லை. இந்த முறையாவது கொடுக்கிறார்களே என்று சந்தோஷம்.

கேள்வி: என் மாமியாருக்கு 78 வயது. முழங்கால் ஆபரேஷன் ஆகியிருக்கிறது. பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்துதான் குளிக்கிறார். போன மாதம் ஸ்டூல் சறுக்கிவிட்டது, நல்லவேளை குழாயைப் பிடித்துக்கொண்டார். 5-க்கு 7 அடி குளியலறையை இப்போது முழுக்க மாற்றிக் கட்டுகிறோம். ஷவருக்குப் பக்கத்தில் உட்கார ஒரு திட்டு கேட்டால், ‘நாலு வரிசை செங்கல் வைத்து மேலே டைல்ஸ் ஒட்டிடலாம்மா, அரைநாள் வேலை’ என்கிறார் மேஸ்திரி. அவ்வளவுதானா?
— வாசகி, கும்பகோணம்

பதில்: கட்ட அரைநாள்தான் சகோதரி. அப்படிக் கட்டினதை இடித்து அள்ள எனக்கு இரண்டு நாள் ஆயிற்று.

வெளியார் வீட்டில் இல்லை, என் சொந்த வீட்டில். அம்மாவுக்காக 2011-ல் நானே நின்று கட்ட வைத்தேன். செங்கல் சுற்றுச்சுவர், உள்ளே இடிபாட்டுக் கட்டி, கொஞ்சம் மணல், மேலே கலவை, அதன்மேல் டைல்ஸ். பார்க்க லட்சணமாக இருந்தது. அம்மா சனிக்கிழமை எண்ணெய் வைத்துக்கொண்டு ராணி மாதிரி அதில் உட்காருவார். இரண்டாவது மழைக்காலம் வந்தபோது, அந்தச் சுவருக்கு மறுபக்கம், அம்மாவின் பீரோ நின்ற இடத்தில், பெயிண்ட் அப்பளம் மாதிரி உப்பியது. கையால் தட்டினால் வெள்ளை உப்பு மாவாகக் கொட்டுகிறது. குழாய் கசிவு என்று நினைத்து பிளம்பரைக் கூப்பிட்டு, குழாயில் அழுத்தம் கொடுத்துப் பார்த்தால் ஒரு சொட்டு இறங்கவில்லை. திட்டை உடைத்தோம். டைல்ஸில் ஒரு கீறல் கிடையாது. உள்ளே இருந்த செங்கல் பாலில் நனைத்த ரஸ்க் மாதிரி விரலுக்குப் பிய்ந்து வந்தது. வாடை, சாக்கடை வாடை. இரண்டு வருடத்துச் சோப்புத் தண்ணீர் வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே நின்றிருக்கிறது.

டைல்ஸ் தண்ணீரை நிறுத்தும் என்று நினைத்தது என் தப்பு. டைல்ஸ் வேண்டுமானால் நிறுத்தும், டைல்ஸுக்கும் டைல்ஸுக்கும் நடுவில் இருக்கிற சிமெண்ட் இடுக்கு நிறுத்தாது, குடிக்கும். குடித்ததைக் கீழே இருக்கிற செங்கலுக்குக் கொடுக்கும். நல்ல செங்கலுக்கே 24 மணி நேரம் ஊறினால் எடையில் 20 சதம் வரை தண்ணீர் குடிக்கலாம் என்று நம் நாட்டு விதி இடம் கொடுக்கிறது. மூன்று கிலோ செங்கல் என்றால் அரை லிட்டருக்கு மேல். ஐம்பது செங்கல் வைத்த திட்டு இரண்டு குடம் தண்ணீரைச் சத்தமில்லாமல் வயிற்றில் வைத்துக்கொள்ளும். தண்ணீரை நிறுத்தவேண்டியது டைல்ஸுக்கு அடியில் இருக்கிற பூச்சு. டைல்ஸ் அதன்மேல் கட்டின பட்டுப்புடவை.

அதனால் உங்கள் மேஸ்திரியிடம் கேட்கவேண்டிய ஒரே கேள்வி, ‘பூச்சு முதலிலா, திட்டு முதலிலா?’ என்பதுதான். ‘திட்டைக் கட்டிவிட்டுத் தெரிகிற இடத்துக்கெல்லாம் அடித்துவிடலாம்’ என்றால் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிடுங்கள். முதலில் வெறும் தரையும், சுவரும், மூலையும் முழுதாகப் பூச்சு வாங்கவேண்டும். அது காய்ந்து, தண்ணீர் தேக்கிப் பார்த்த பிறகு திட்டு எழும்பும். திட்டு எழும்பியதும் அதற்கும் மேலும் பக்கமும் இன்னொரு முறை பூச்சு, பழைய பூச்சின்மேல் நாலு இஞ்சாவது ஏறுகிற மாதிரி. மேல்பூச்சு என்றைக்காவது ஏமாற்றினாலும், அடியில் ஒன்று காவல் நிற்கும்.

பூச்சு என்று நான் சொல்வது தூளும் பாலும் தனித்தனியாக ஒரே டப்பாவில் வருகிற சிமெண்ட்-பாலிமர் வகை. அதில் நம் ஆட்கள் செய்கிற ஒரே திருட்டு, ‘கெட்டியா இருக்கு’ என்று ஒரு மக்கு தண்ணீரை ஊற்றிவிடுவது. அங்கேயே அதன் உயிர் போய்விடும். டப்பாவில் என்ன அளவோ அதுதான் அளவு. முதல் கை மேலிருந்து கீழ், அது காய்ந்த பிறகு இரண்டாம் கை இடமிருந்து வலம். ஷவர் விழுகிற சுவரில் ஆறடிக்கு மேல் ஏற்றுங்கள். மற்ற சுவரில் ஒரு அடி போதும். குழாய்களைச் சுவருக்குள் புதைத்து, அழுத்தம் கொடுத்துப் பார்த்து, குழாய்க்காக வெட்டிய காடியை மூடிய பிறகுதான் இந்த வேலை. பூச்சு அடித்துவிட்டு, ‘அக்கா, டைவர்ட்டர் வைக்க மறந்துட்டோம்’ (தண்ணீரைக் குழாய்க்கும் ஷவருக்கும் மாற்றிவிடுகிற திருகு) என்று சுத்தியல் எடுத்த பிளம்பரை நான் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு நான் பேசிய தமிழை இங்கே எழுதமுடியாது.

திட்டுக்குள் இடிபாடு போட்டு நிரப்பாதீர்கள். எனக்குப் பிடித்தது அடி திறந்த திட்டு. இரண்டு பக்கமும் உள்ளே பொந்து இல்லாத சாலிட் பிளாக்கில் குட்டிச் சுவர், அதன்மேல் மூன்று இஞ்ச் கான்கிரீட் பலகை, 8 மில்லி கம்பி ஆறு இஞ்சுக்கு ஒன்று குறுக்கும் நெடுக்கும். அடியில் வாளி நிற்கும், துடைப்பம் போகும், எதுவும் ஊறி நிற்க இடம் கிடையாது. முக்கியமாக, உட்கார்ந்திருப்பவர் எழுந்திருக்கும்போது பாதத்தைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்து ஊன்றலாம். உங்கள் மாமியாரை நாற்காலியிலிருந்து எழச் சொல்லிப் பாருங்கள், குதிகால் தானாகப் பின்னால் போகும். அடைத்துக் கட்டிய திட்டில் அது முட்டும். முழங்கால் ஆபரேஷன் ஆனவருக்கு அந்த மூன்று நாலு இஞ்ச்தான் எல்லாம்.

மாடியில், அதுவும் குழாய் ஓடுவதற்காகப் பள்ளம் விட்ட ஸ்லாப்பில் குளியலறை என்றால் குட்டிச் சுவரை நிரப்பின மண்ணின்மேல் நிறுத்தாதீர்கள். நிரப்பு அமுங்கும், திட்டு விரியும். பள்ளத்தின் அடி ஸ்லாப்பிலிருந்தே எழுப்பவேண்டும்.

உயரம்? புத்தகத்தில் 17 முதல் 19 இஞ்ச் என்று இருக்கும். சக்கர நாற்காலியிலிருந்து நகர்ந்து உட்காருகிறவருக்கு அது சரி. நம் வீட்டுப் பாட்டிமார் பலருக்கு அந்த உயரத்தில் கால் அந்தரத்தில் தொங்கும். மாமியாரைச் செருப்பில்லாமல் நிற்கவைத்து, முழங்காலுக்குப் பின்னால் மடிகிற கோட்டிலிருந்து தரைவரை டேப் வையுங்கள். அந்த அளவுதான் உயரம். ஆபரேஷன் ஆனவர் என்பதால் ஒரு இஞ்ச் கூட்டிக்கொள்ளலாம், குறைக்கக்கூடாது. அளவு எடுப்பது முடிந்த தரையிலிருந்து. தரைக்கு வரப்போகிற கலவை, டைல்ஸ் கனத்தை விட்டுவிட்டுக் கட்டி, கடைசியில் இரண்டு இஞ்ச் குள்ளமாகப் போன திட்டுகள் ஊரெங்கும் உண்டு. ஆழம் 15 இஞ்ச், அகலம் இரண்டடி இருந்தால் தாராளம். உங்கள் 5-க்கு 7-ல் மூலையோடு ஒட்டி மூன்றடி எடுத்துக்கொண்டாலும் நடக்க இடம் இருக்கும்.

உட்காருகிற பரப்புக்கு டைல்ஸ் வேண்டாம். ஒரே துண்டாகக் கிரானைட் போடுங்கள், இடுக்கே இல்லாமல் போகும். பாலிஷ் கல் வேண்டாம். எண்ணெய்க் குளியலன்று அது சறுக்குமரம் ஆகிவிடும். சொரசொரப்பு விட்ட கல் கேளுங்கள், கடையில் லெதர் ஃபினிஷ் என்பார்கள். முன்விளிம்பை உருட்டச் சொல்லுங்கள், தொடையில் வெட்டாது. முன்னால் அரை இஞ்ச் நீட்டி, அடியில் மெல்லிசாக ஒரு காடி இழுத்துவிட்டால் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும், திட்டின் முகத்தில் வழியாது.

கல்லுக்கு வாட்டம் வேண்டும், வடிகாலைப் பார்த்து. 15 இஞ்ச் ஆழத்துக்கு 6 முதல் 8 மில்லி. அதற்குமேல் போனால் உட்கார்ந்தவர் மெல்ல முன்னால் வந்துகொண்டே இருப்பார். ரசமட்டத்தில் குமிழி கோட்டைத் தொட்டு நிற்பதைக் காட்டி, ‘வாட்டம் இருக்கு பாருங்க’ என்பார் மேஸ்திரி. கேட்டுக்கொள்ளுங்கள். கேட்டுவிட்டு ஒரு சொம்புத் தண்ணீரை மேலே ஊற்றிப் பாருங்கள்.

பிடித்து எழுவதற்குக் கைப்பிடிக் கம்பியை இப்போதே முடிவு செய்யுங்கள். கம்பி வரும் இடத்தில் சுவர் கெட்டியாக இருக்கவேண்டும், அந்த இடத்துக்கு மட்டும் கான்கிரீட் போட்டு வைத்தாலும் தகும். துளை போட்டதும் உள்ளே சிலிகான் நிரப்பி, அதற்குள் ஆங்கர் இறங்கட்டும். பூச்சை நாமே குத்திவிட்டுத் துவாரத்தைத் திறந்து விடக்கூடாது. கைக்குழாய் உட்கார்ந்தபடி எட்டுகிற தூரத்தில் இருக்கட்டும். இன்னொன்று, நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன்: கதவு வெளிப்பக்கமாகத் திறக்கட்டும். உள்ளே யாராவது விழுந்துவிட்டால், உள்பக்கம் திறக்கிற கதவை அவர் உடம்பே அடைத்துக்கொள்ளும்.

கேள்வி: ஷாம்பூ, சோப்பு வைக்கக் கம்பி ஸ்டாண்டு வாங்கி வாங்கி அலுத்துவிட்டது. எல்லாம் துருப்பிடித்து டைல்ஸில் சிவப்புக் கோடு போடுகிறது. சுவருக்குள்ளேயே குழித்து வைக்கிற ‘நிச்’ என்பதை ஒரு ஓட்டலில் பார்த்தேன். எங்கள் வீட்டுச் சுவரில் செய்யமுடியுமா? கொத்தனார் ‘உடைச்சிடலாம் சார்’ என்று உற்சாகமாக இருக்கிறார், அதுதான் பயமாக இருக்கிறது.
— வாசகர், திண்டுக்கல்

பதில்: ‘நிச்’சுக்கு ஓட்டல்வரை போயிருக்கவேண்டாம் சார். உங்கள் தாத்தா வீட்டில் விளக்கு வைத்த மாடம் இருந்திருக்குமே, அதேதான். விளக்குக்குப் பதில் ஷாம்பூ. என் ஆட்களிடம் நான் மாடம் என்றுதான் சொல்வேன், உடனே புரியும்.

உங்கள் பயம் நியாயமானது. முதலில் சுவரின் கனம் பாருங்கள். ஒன்பது இஞ்ச் சுவர் என்றால் நாலு இஞ்ச் குழிக்கலாம். நாலரை இஞ்ச் சுவரில் நாலு இஞ்ச் குழித்தால் பக்கத்து அறைக்கு ஜன்னல் வைத்த மாதிரிதான். தூண், பீம் பக்கம் கை வைக்கவே கூடாது. குழாயோ வயரோ ஓடுகிற இடமும் வேண்டாம்.

நாலரை இஞ்ச் என்றால் குழிக்காமல் முன்னால் கட்டிக்கொள்ளுங்கள். ஷவர் சுவருக்கு முன்னால், அறையின் அகலம் முழுக்க, இடுப்பளவோ தலையளவோ ஒரு பொய்ச்சுவர். ஐந்து இஞ்ச் இடம் போகும். ஆனால் குழாய் எல்லாம் அதற்குள் மறைந்துகொள்ளும், பழைய சுவரைக் கொத்தவேண்டாம், மாடம் அதற்குள் வரும், இடுப்பளவில் நிறுத்தினால் அதன் தலையே ஒரு நீள அலமாரி. நான் இப்போது ஒன்பது இஞ்ச் சுவர் இருக்கிற வீட்டில்கூட இதைத்தான் சிபாரிசு செய்கிறேன்.

உடைப்பதற்கு முன் டைல்ஸை வாங்கி வந்து சுவரோரம் அடுக்கிப் பாருங்கள். ஒன்றுக்கு இரண்டடி டைல்ஸ் என்றால் மாடத்தின் விளிம்பும் டைல்ஸின் இடுக்கும் ஒரே கோட்டில் வரவேண்டும். இல்லாவிட்டால் மாடத்தைச் சுற்றி ஒரு இஞ்ச், அரை இஞ்ச் துணுக்குகளாக ஒட்டி, கிழிந்த வேட்டிக்கு ஒட்டுப் போட்ட மாதிரி ஆகிவிடும். உங்களிடம் இருக்கிற பெரிய ஷாம்பூ பாட்டிலை நிறுத்தி, அதற்குமேல் இரண்டு இஞ்ச் கை போக இடம் விட்டு உயரம் வையுங்கள். உள்ளே 12 இஞ்ச் அகலம் வேண்டுமென்றால் 14 உடைக்கவேண்டும், பூச்சும் டைல்ஸும் இரு பக்கமும் ஒவ்வொரு இஞ்சைத் தின்றுவிடும். இதைச் சொல்லாமல் விட்டு, கடைசியில் பாட்டில் நுழையாத மாடம் ஒன்று திருமங்கலத்தில் நானே கட்டியிருக்கிறேன். அந்த வீட்டுக்காரம்மா அதில் பிள்ளையார் வைத்துவிட்டார். உடைத்த குழியின் தலைக்கு மேலே ஒரு கல் துண்டை விட்டமாக ஏற்றிக்கொள்ளுங்கள்.

இனிமேல்தான் நுணுக்கம். மாடத்துக்குள் அடிமட்டம், மேல்மட்டம், இரண்டு பக்கம், முதுகு என்று ஐந்து முகம், எட்டு உள்மூலைக் கோடு. ஒழுகினால் அந்தக் கோடுகளில்தான் ஒழுகும். பெரிய ரோலர் உள்ளே போகாது என்பதால் அவசரக்காரர்கள் தொட்டும் தொடாமலும் விட்டுவிடுவார்கள். இரண்டு இஞ்ச் பிரஷ் எடுங்கள். மூலைக்கோட்டில் முதல் கை பூச்சை ஈரமாக இழுத்து, அது காய்வதற்குள் நாலு இஞ்ச் அகலக் கண்ணாடி நார் வலையைப் பாதி இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம் வருகிற மாதிரி மடித்து அழுத்தவேண்டும். மூன்று மூலை சேருகிற முனையில் வலை சுருங்கும். அங்கே ரவிக்கைக்கு டக் பிடிப்பதுபோல ஒரு வெட்டு வெட்டி, ஒன்றின்மேல் ஒன்றை ஏற்றி, மேலே பூச்சை விரலால் தேய்த்து வலை தெரியாமல் செய்துவிடுங்கள். எங்களிடம் 19 வருடமாக இருக்கிற சித்தாளம்மா ஒருவர் இதை எந்தக் கொத்தனாரைவிடவும் நன்றாகச் செய்வார். தையல் தெரிந்தவர். மாடம் என்றால் அவர் வரும்வரை வேலையை நிறுத்தி வைப்பேன்.

டைல்ஸ் ஒட்டும்போது அடிக்கல் முதலில் போகவேண்டும், ஒரே துண்டுக் கிரானைட். பக்கத்து டைல்ஸ் அந்தக் கல்லின்மேல் வந்து நிற்கவேண்டும். அப்போதுதான் பக்கச்சுவரில் வழிகிற தண்ணீர் கல்லின்மேல் விழும். பக்கத்தை முதலில் ஒட்டிவிட்டுக் கல்லை நடுவில் செருகினால், தண்ணீர் கல்லுக்குப் பின்னால் இறங்கும். ஓட்டு வீட்டில் மேல் ஓடு கீழ் ஓட்டின்மேல் ஏறித்தானே நிற்கிறது? அடிக்கல்லுக்கு வெளிப்பக்கம் பார்த்து மூன்று மில்லி வாட்டம். நான் ஒரு கோலிக்குண்டை உள்ளே வைத்துப் பார்ப்பேன். தானாக உருண்டு வெளியே வரவேண்டும், ஆனால் ஓடக்கூடாது. ஓடினால் பாட்டிலும் ஓடும்.

இடம்: ஷவர் நேராக அடிக்கிற எதிர்ச்சுவரில் வேண்டாம், பக்கச் சுவரில் வையுங்கள். நின்று குளிப்பவருக்குத் தரையிலிருந்து நாலடி. வீட்டில் உட்கார்ந்து குளிக்கிறவர் இருந்தால் அவருக்கென்று இரண்டரை அடியில் இன்னொரு சின்ன மாடம்.

கேள்வி: சுவருக்கு டைல்ஸைச் சிமெண்ட் பாலிலேயே ஒட்டிவிடலாம், பசை எல்லாம் கடைக்காரன் பிழைக்கச் சொல்வது என்கிறார் எங்கள் மேஸ்திரி. உண்மையா?
— வாசகர், விருதுநகர்

பதில்: அவர் வேலை கற்ற காலத்தில் உண்மை. அன்றைக்குச் சுவர் டைல்ஸ் என்றால் செராமிக். எடையில் பத்து சதத்துக்கு மேல் தண்ணீர் குடிக்கிற சாதி அது, ஊறவைத்துச் சிமெண்ட் பாலில் ஒட்டினால் பிடித்துக்கொள்ளும். இன்றைக்கு நீங்கள் வாங்கி வந்திருப்பது விட்ரிஃபைடு என்றால் அது அரைச் சதத்துக்குமேல் குடிக்காது. சிமெண்ட் பால் எதைப் பிடித்து ஏறும்? போதாக்குறைக்கு அடியில் வாட்டர்ப்ரூஃப் பூச்சு வேறு வழவழவென்று இருக்கிறது. பசைதான் வேண்டும். மூட்டையில் ஐ.எஸ். 15477 என்ற எண் இருக்கிறதா பாருங்கள்.

பசை வாங்கிக் கொடுத்தாலும் நாலு மூலைக்கு நாலு, நடுவில் ஒன்று என்று ஐந்து பொட்டு வைத்து ஒட்டுவார்கள். கூடவே கூடாது. பொட்டுக்கு நடுவே காலி இடம், அதில் தண்ணீர் குடியிருக்கும். பல் கரண்டியால் சுவர் முழுக்க இழுக்கவேண்டும். மறுநாள் ஒரு ரூபாய் நாணயத்தால் ஒவ்வொரு டைல்ஸாகத் தட்டுங்கள். டொக்கு டொக்கு என்று கேட்கிற இடத்தில் சாக்பீஸால் வட்டம் போடுங்கள். வட்டம் போட்டதைக் கழற்றி ஒட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: கட்டி மூன்று வருடம் ஆன அடுக்குமாடி வீடு. டைல்ஸ் நன்றாக இருக்கிறது. அதை உடைக்காமல் மேலேயே ஒரு திட்டு கட்டமுடியுமா?
— வாசகி, திருச்சி

பதில்: முடியும், ஆனால் நான் கட்டித்தர மாட்டேன். திட்டுக்கு அடியில் அகப்பட்டுக்கொள்ளும் இடுக்குகளில் தண்ணீர் இறங்கும், கீழ்வீட்டுக் கூரையில் வரைபடம் வரும், பிறகு உங்களுக்கும் அவர்களுக்கும் பேச்சு நின்றுபோகும். சுவரில் மாட்டி மடக்குகிற இருக்கை கிடைக்கிறது. 304 ரகத் துருப்பிடிக்காத எஃகுச் சட்டம் உள்ளதாக வாங்கி, கெட்டிச் சுவரில் ஆங்கர் போட்டு, துளைக்குள் சிலிகான் நிரப்பி மாட்டுங்கள். உள்ளே பொந்து இருக்கிற ஹாலோ பிளாக் சுவர் என்றால் அதுவும் வேண்டாம், ஒருநாள் ஆளோடு சேர்ந்து வந்துவிடும். அப்போது ரப்பர் கால் வைத்த, கைப்பிடி உள்ள குளியல் நாற்காலிதான் வழி. பார்க்க ஆஸ்பத்திரி மாதிரி இருக்கிறது என்று வீட்டில் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

கேள்வி: நாங்கள் கனடாவில், டொரன்டோ பக்கம் இருக்கிறோம். இங்கே சுவரெல்லாம் மரச்சட்டமும் பலகையும்தான். அம்மா ஊரிலிருந்து வருகிறார், குளியலறையில் திட்டும் மாடமும் வைக்க ஆசை. உங்கள் செங்கல் கணக்கு இங்கே செல்லுமா?
— வாசகி, ஸ்கார்பரோ

பதில்: செல்லாது. ஆனால் உங்களுக்கு மாடம் சுலபம். என் தங்கை வீடும் உங்கள் பக்கம்தான். அங்கே இரண்டு மாதம் இருந்தபோது, ஊர் சுற்றிப் பார்க்காமல் அவள் வீட்டுக் குளியலறையைப் பிரித்த ஆட்களுக்குப் பின்னாலேயே நின்றேன் என்று இன்றைக்கும் அவளுக்குக் கோபம்.

அங்கே சட்டத்துக்குச் சட்டம் 16 இஞ்ச், நடு இடைவெளி 14½ இஞ்ச், சட்டத்தின் ஆழம் மூன்றரை இஞ்ச். ஆக மாடம் ஏற்கெனவே சுவருக்குள் தூங்கிக்கொண்டிருக்கிறது, முகத்தைத் திறந்தால் போதும். அந்த அளவுக்கென்றே தண்ணீர் புகாத நுரைப்பலகையில் செய்த ஆயத்தப் பெட்டியும் கடையில் இருக்கிறது. வீட்டின் வெளிச்சுவரில் மட்டும் வைத்துவிடாதீர்கள். அந்தச் சுவருக்குள் குளிருக்கு அடைத்த பஞ்சு இருக்கிறது. அதை எடுத்துவிட்டு ஷாம்பூ வைத்தால் ஜனவரியில் மாடத்தின் முதுகு சில்லிட்டு வியர்க்கும், அந்த ஈரம் மரத்துக்குப் போகும். உள்சுவராகப் பாருங்கள்.

ஷவருக்குள் சாதா ஜிப்சம் பலகை கூடாது, சிமெண்ட் பலகை போடச் சொல்லுங்கள். அது ஈரத்தில் உளுத்துப் போகாது, அவ்வளவுதான். தண்ணீரைத் தடுக்காது. அதன்மேல் பூச்சோ, ஒட்டுகிற விரிப்போ வந்தே ஆகவேண்டும். திட்டுக்கு மரச்சட்டம் அடித்தாலும் இதே வரிசை: சட்டம், சிமெண்ட் பலகை, பூச்சு, பிறகு டைல்ஸ். இங்கே ஒழுகினால் செங்கல் ஊறும், அங்கே மரம் மக்கும். மரம் சீக்கிரம் மக்கும். அம்மாவின் முழங்கால் அளவை வாட்ஸப்பில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், அவர் விமானம் ஏறுவதற்கு முன்னால்.

கேள்வி: மாடத்தின் அடியிலும் திட்டின் மேலும் கடப்பாக் கல் போட்டிருக்கிறோம். போர்வெல் தண்ணீர், வெள்ளை வெள்ளையாகப் படிகிறது. ஆசிட் ஊற்றித் தேய்த்தால் கல் இன்னும் வெளுத்துச் சொரசொரவென்று ஆகிவிட்டது.
— வாசகி, ராமநாதபுரம்

பதில்: கடப்பா ஒரு சுண்ணாம்புக் கல். ஆசிட் பட்டால் கரையும். நீங்கள் உப்பைத் தேய்க்கவில்லை, கல்லைத் தேய்த்திருக்கிறீர்கள். டைல்ஸ் இடுக்கில் இருக்கிற சிமெண்டையும் ஆசிட் தின்றுவிடும், அதோடு தண்ணீருக்கு ராஜபாட்டை. ஆசிட் பாட்டிலை வீட்டை விட்டே வெளியேற்றுங்கள். குளித்து முடித்ததும் ஒரு ரப்பர் துடைப்பானால் கல்லை வழித்துவிட்டால் உப்பு படிய நேரமே இருக்காது. மறுபடி மாற்றுகிற நாளில் கிரானைட் போடுங்கள், இடுக்குக்குச் சிமெண்டுக்குப் பதில் எபாக்ஸிப் பசை. விலை கூடத்தான், ஆனால் மஞ்சள் கறையும் சீயக்காய்க் கறையும் பிடிக்காது. ஆனால் எபாக்ஸி போட்டதால் அடியில் பூச்சு வேண்டாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சுவரும் தரையும் சேருகிற மூலை, சுவரும் திட்டும் சேருகிற மூலை, இந்த இரண்டுக்கும் எபாக்ஸிகூட வேண்டாம், சிலிகான் இழுங்கள். அந்த இடங்கள் வெயிலுக்கும் மழைக்கும் கொஞ்சம் அசையும். கெட்டியாக எதை அடைத்தாலும் விரியும்.

கேள்வி: பூச்சு அடித்து முடித்து, வடிகாலை அடைத்து, இரண்டு இஞ்ச் தண்ணீர் தேக்கி 48 மணி நேரம் பார்க்கச் சொல்லியிருந்தீர்கள். பார்த்தோம். கீழே ஒன்றும் கசியவில்லை, ஆனால் தண்ணீர் மட்டம் கொஞ்சம் குறைந்திருக்கிறது. ‘சித்திரை வெயிலம்மா, ஆவியாப் போச்சு’ என்கிறார் காண்ட்ராக்டர். எப்படி நம்புவது?
— வாசகி, மேலூர்

பதில்: அவர் சொல்வது உண்மையாகவும் இருக்கலாம். இன்னொரு 48 மணி நேரம் பாருங்கள், இந்த முறை ஒரு சாட்சியோடு. மறுபடி இரண்டு இஞ்சுக்கு நிரப்புங்கள். ஒரு அகலமான பிளாஸ்டிக் டப்பில் அதே அளவு தண்ணீர் ஊற்றி, அதே குளியலறைக்குள், ஒரு செங்கல்லின்மேல் வையுங்கள். சுவரில் தண்ணீர் நிற்கிற இடத்தில் பென்சில் கோடு, டப்பின் உள்பக்கமும் ஒரு கோடு. கதவைச் சாத்திவிடுங்கள். இரண்டும் ஒரே அளவு இறங்கியிருந்தால் வெயில் குடித்தது. தரையில் மட்டும் கூட இறங்கியிருந்தால் தரை குடிக்கிறது. அப்படியானால் முதலில் வடிகால் வாயைச் சுற்றிப் பாருங்கள், நஹானி டிராப்பும் (வடிகால் வாய்க்கு அடியில் பதிக்கிற கிண்ணம்) பூச்சும் சேருகிற அந்த வளையத்தில்தான் பெரும்பாலும் ஓட்டை இருக்கும். அங்கே வலை வைத்து மறுபடி அடித்து, காயவைத்து, மறுபடி தேக்குங்கள். அதுவரை திட்டுக்கு ஒரு கல்கூட வைக்கவிடாதீர்கள், பாக்கிப் பணமும் கொடுக்காதீர்கள்.